நாலு காலும் தரையில்

2.9.91, திங்கள்

நான் சொல்லச் சொல்லத் தாவீது எழுதுகிறான். எனக்கு ரேகை வைக்கத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தவன், எழுத்து முத்து முத்தாக வரும். அழகு பண்ணாமல் சொன்னதை எழுது என்றிருக்கிறேன்.

இன்று உயிரே போய்த் திரும்பியது. மருமகள் ரஞ்சனிக்கு ஆறாம் மாதம். அவளைப் பார்க்க அவள் அம்மா ராஜம்மா மணிமங்கலத்திலிருந்து வந்திருந்தார். ரஞ்சனி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே நுழைந்தாள். சைரன் பாய்ந்து இரண்டு முன்னங்காலையும் அவள் மேல் வைத்துவிட்டது. குடம் போயிற்று. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள், விழவில்லை.

சைரன் எங்கள் நாய். கம்பெனி கேட்டில் கிடந்த குட்டியை என் மகன் எழிலரசன் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தான். ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் கூடவே ஊதும், அதனால் அந்தப் பேர். கெட்ட எண்ணமே கிடையாது அதற்கு. ஆளைக் கண்டால் சந்தோஷம் தாங்காது, அவ்வளவுதான்.

ராஜம்மா சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன். "ஐப்பசி பொறந்ததும் பொண்ண அழைச்சிக்கினு போறேண்ணா. இந்த நாய் இப்படியே ஆடிக்கினு இருந்தா கொழந்தையோட திருப்பி அனுப்ப மாட்டேன். ஆமா."

எழிலரசன், "செங்கல் சூளையில கொண்டுபோய் வுட்டுடறேன் நைனா" என்றான்.

"ஐப்பசி வரைக்கும் டைம் குடு. நான் திருத்தறேன்."

"அதுக்கு இன்னா டியூஷன் எடுக்கப் போறியா?"

எடுக்கத்தான் போகிறேன்.

4.9.91

இரண்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் மேலே மேலே ஏறுகிறது. "சனியனே, இந்தா" என்று ரஞ்சனி ஒரு கை சோற்றைத் தூர வீசுகிறாள். நானும் வீசுகிறேன். ஒன்றரை வருடமாக இதுதான். அட, குதித்தால் சோறு என்று சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தானே! அது படித்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறது.

'சீ, போ' என்று தள்ளுவதும் அதற்கு விளையாட்டு. தள்ளத் தள்ள வருகிறது.

தெருக்கோடிச் சுப்பராயன் வீட்டில் கட்டையால் அடித்துத்தான் நாயை அடக்கினார்கள். அது இப்போது ஆளைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் மூத்திரம் போகிறது. அப்படி ஒரு நாய் எனக்கு வேண்டாம். நான் ஏர் பூட்டிய காலத்தில் செவலைக் காளை ஒன்று நுகத்தடியைக் கண்டாலே மிரளும். எங்கள் அப்பா குத்தி அடக்கத் தார்க்குச்சியை எடுத்தார். நான் கை நிறையப் புண்ணாக்கு எடுத்தேன். நுகத்தை முகர்ந்தால் ஒரு வாய். கழுத்தை நீட்டினால் இன்னொரு வாய். ஒன்பதாம் நாள் தானாக வந்து நின்றது. புயலடித்த வருடம் அது.

9.9.91

நெத்திலிக் கருவாடு. நாலு காலும் தரையில் இருந்தால் ஒன்று. குதித்தால் நான் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பம் மாதிரி நிற்கிறேன். திட்டுவதில்லை, தள்ளுவதில்லை. காலைக் கீழே வைத்த அந்தக் கணமே கொடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வேறு எதற்கோ கூலி என்று நினைத்துக்கொள்கிறது. இன்று தானாக உட்கார்ந்தது! வால் மட்டும் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நெத்திலி கொடுத்தேன்.

17.9.91

புரட்டாசி பிறந்துவிட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் வீடெல்லாம் கழுவிவிட்டிருக்கிறது, கருவாட்டுப் பானையைக் காணோம்.

"மாமா, பெருமாளுக்கு ஆவாது. தாவீது மாமா வூட்ல குடுத்துட்டேன்" என்றாள் ரஞ்சனி.

தாவீது வீட்டில் புரட்டாசி கிடையாது. அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

25.9.91

ஒரு வாரமாகத் தாவீது வீட்டு வாசலில் பள்ளிக்கூடம் நடக்கிறது. உட்கார் என்றால் உட்காருகிறது, தாவீது எதிரே வந்தால்கூட அசையவில்லை. பெருமையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வாசல்படி தாண்டியதும் ரஞ்சனியைப் பார்த்து ஒரே பாய்ச்சல். நல்லவேளை, கயிறு கையில் இருந்தது.

தாவீதுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என் வூட்ல சாமியாரு, உன் வூட்ல பேயி. பேசாம ஞானஸ்நானம் குடுத்து நானே வச்சிக்கறேண்டா."

தப்பு என்னுடையது. நம் வீட்டில் கருவாடு நின்றதும், அது கிடைக்கிற இடத்தில் மட்டும்தான் அந்தப் பாடம் என்று நினைத்திருக்கிறது. மறுபடி நம் வீட்டிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும். ஆனால் எதைக் கொடுப்பது? சோறு ஏற்கெனவே குதிப்புக்குக் கூலியாகப் போய்விட்டது. பொட்டுக்கடலையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னையே பார்த்தது.

28.9.91, சனி

பெருமாளே வழி காட்டினார். சாமிக்கு உடைத்த தேங்காயை ரஞ்சனி சில்லு போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று கீழே விழுந்தது. சைரன் கடக் முடக் என்று தின்றுவிட்டு இன்னொன்றுக்கு ஏங்கி நின்றது. உட்கார் என்றேன். உட்கார்ந்தது! நம் வீட்டில்!

ரஞ்சனியையும் கொடுக்கச் சொன்னேன். பயந்துகொண்டே நீட்டினாள். "ஐயே மாமா, கைய நக்கிட்டு உக்காந்துக்கிச்சே!" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

6.10.91

வீணாய்ப் போச்சு. எல்லாம் வீணாய்ப் போச்சு. பகலெல்லாம் தங்கமாக இருக்கிறது, சாயந்திரம் மறுபடி குதிக்கிறது. ஏன், ஏன் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். இன்று கையும் களவுமாகப் பிடித்தேன். எழிலரசன் ஷிப்டு முடிந்து வந்ததும் கேட்டிலேயே நின்று இரண்டு கையையும் விரித்து, "வாடா என் சிங்கக்குட்டி!" என்கிறான். அது மார் உயரத்துக்கு ஏறுகிறது. இவனும் அதைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறான்.

"சூளையில வுடறேன்னு சொன்ன வாய் இதான்டா?"

"எட்டு மணி நேரம் லைன்ல நின்னுட்டு வரேன் நைனா. என்னைப் பார்த்து இவ்ளோ சந்தோஷப்படறது இது ஒண்ணுதான்."

அப்படிச் சொன்னபோது ரஞ்சனி அடுப்படியில் இருந்தாள். கேட்டிருப்பாள்.

10.10.91

ரஞ்சனி கெட்டிக்காரி. சத்தம் போடவில்லை, முறைக்கவில்லை. இப்போதெல்லாம் எழிலரசன் வரும் நேரத்துக்கு வாசலில் டீயும் சுண்டலுமாக நிற்கிறாள். அவன் கையை விரிக்காமல், நாய் உட்கார்ந்தபிறகு குனிந்து தடவிக்கொடுத்தால் கையில் டம்ளர் வருகிறது. விரித்தால் திரும்பி உள்ளே போய்விடுகிறாள். நான் யாருக்கும் எதுவும் சொல்லித்தரவில்லை.

நாய்க்கு ஒரு மாதம் ஆனது. இவன் மூன்றே நாளில் திருந்தினான்.

15.10.91

மழை. சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்தது. தேங்காய்.

20.10.91, ஞாயிறு

ஐப்பசி மூன்றாம் நாள். ராஜம்மா வந்தார்.

கயிற்றில் கட்டலாமா என்று எழிலரசன் கேட்டான். வேண்டாம் என்றேன். கட்டியிருக்கலாமோ? அவர் கையில் பலகாரக் கூடை வேறு.

அவர் கேட்டைத் திறந்தார். சைரன் ஓடியது. ராஜம்மா கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அவர் காலடிக்கு ஒரு முழம் தள்ளி அது நின்றது. உடம்பெல்லாம் உதறல். பின்பக்கம் கீழே போகிறது, மேலே வருகிறது, மறுபடி கீழே போகிறது. கடைசியில் உட்கார்ந்தது. முனகியதே தவிர எழுந்திருக்கவில்லை.

ராஜம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

ரஞ்சனி ஏழு மாத வயிற்றோடு மெதுவாகப் படியிறங்கி அதன் பக்கத்தில் போய் நின்றாள். அது தலையை மட்டும் திருப்பி அவள் சேலையை முகர்ந்தது. ராஜம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கூடையை இறக்கி ஒரு முறுக்கை உடைத்தார்.

"எந்தக் கையால குடுக்கணும்ணா?"

சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். ரஞ்சனி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழிலரசன் பெட்டியோடு முன்னால் போனான். ராஜம்மா கேட்டருகே திரும்பி நின்றார்.

"மாசி மாசம் நல்ல நாளாப் பார்த்துக் கொழந்தையோட கொண்டாந்து வுடறேண்ணா. அதுவரைக்கும் இது பாடத்த மறந்துடாம பார்த்துக்கங்க."