லேசாகப் பிடிக்கச் சொன்ன மகனுக்கு

ஆலத்தியூர்
18.11.2003

அன்பு மகன் திருமுருகனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் மாடு கன்றும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அந்தப் புனேக் குளிரில் நீயும் அப்படியே இருக்க நம்ம ஐயனாரை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், பாதியிலேயே எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தியான வகுப்புக்குப் போகிறாயாம், கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிறாயாம், நமக்கு உண்மை என்று படுவதை இறுக்கிப் பிடிக்காமல் லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். இத்தனை வயசுக்கு மேல் அம்மாவுக்கும் புத்தி வரட்டும் என்று அதை எனக்கும் எழுதிவிட்டாய், ரொம்ப சந்தோஷம்.

நம்ம மக்காச்சோளத்தை மேய்ந்தது பக்கத்துக் கொல்லை அமிர்தவல்லியின் ஆடுதான் என்று நான் எழுதியதற்கு, அது உங்கள் எண்ணம் மட்டும்தான் அம்மா, வேறு ஆடாகவும் இருக்கலாம் என்று பாடம் எடுத்திருந்தாய். சரி, படித்த பிள்ளை சொல்கிறானே என்று அவளிடமே போய், ஒன் ஆடா இல்லாமயும் இருக்கலாம்டி என்று சொல்லிவைத்தேன். எனக்கும் அப்படித்தாங்க்கா தோணுது என்று சிரித்துக்கொண்டே போனாள். மறுநாள் அதே ஆடு வந்து மிச்சத்தையும் மேய்ந்துவிட்டுப் போனது. ஆட்டுக்கு உங்கள் வகுப்பு எதுவும் தெரியாது போலிருக்கிறது. இப்போது முள் வெட்டி வேலி கட்டியிருக்கிறோம், அப்பாவுக்குக் கையெல்லாம் கீறல்.

சோளம் போனால் போகட்டும். புஷ்பவல்லி புது வீட்டுக்குக் குடிபோன அன்று மாப்பிள்ளை உன்னைப் பார்த்தும் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று சாப்பிடாமல் பஸ் ஏறினவன், மூன்று வருஷமாகத் தங்கச்சி வாசலை மிதிக்கவில்லையே, அதை எந்தக் கையால் பிடித்திருக்கிறாய்? பார்த்தும் கூப்பிடவில்லை என்பது உன் உண்மை. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு அலைந்துகொண்டிருந்தேன், பார்க்கவேயில்லை என்பது அவர் உண்மை. பக்கத்தில் நின்ற எனக்கே எது நிஜம் என்று தெரியாது. அமிர்தவல்லி ஆட்டுக்குக் காட்டின தாராளத்தை அந்த மனுஷனுக்கும் கொஞ்சம் காட்டினால் உன் மூச்சு நின்றுவிடுமா?

புஷ்பவல்லி மகள் இலக்கியாவுக்கு நாலு வயசாகப் போகிறது, இன்னும் காது குத்தவில்லை. ஒன்றுவிட்ட மாமன் அங்கமுத்து மடியில் உட்காரவைத்துக் குத்திவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, எம் மச்சான் இருக்கறப்ப அடுத்தவன் மடி எதுக்கு, வரப்ப குத்திக்கலாம் என்று இரண்டு தரம் தள்ளிவைத்தவர் அதே முத்துவேல் மாப்பிள்ளைதான். அவர் எந்த வகுப்புக்கும் போகவில்லை. பாப்பா கம்மல் போட்ட பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து, மாமா எப்ப வரும் என்று என்னையே கேட்கிறது. நான் என்ன சொல்லட்டும்? எனக்கு அழுகையாக வருகிறது, கோபமும் வருகிறது.

தை பத்தாம் தேதி ஐயனார் கோயிலில் வைத்திருக்கிறோம், இனி தள்ளுவதாக இல்லை. தீர்க்காயுசோடும் கொஞ்சம் அறிவோடும் நன்றாக இரு. மாமன் வாங்க வேண்டிய கம்மலை அப்பா பெரம்பலூரில் வாங்கிவைத்துவிட்டார், நீ மடியை மட்டும் கொண்டு வந்தால் போதும். வாராவாரம் சம்மணம் போட்டு உட்காரப் பழகியிருக்கிறாயே, அது இதற்காவது உதவட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
பஞ்சவர்ணம்