மங்கு மறைந்த சாட்சி

மார்ச் 3, செவ்வாய்

பார்லரில் மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று. சின்னவன் வயிற்றில் இருந்தபோது கன்னத்தில் கருந்திட்டாக ஏறிய மங்கு, இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. கண்ணாடியை விட்டு நகர மனமில்லை. வெட்கமாகவும் இருக்கிறது. போன மாதம்தான் இவர் பிரசங்கத்தில் சொன்னார் — தேவன் வரைந்த முகத்தைத் திருத்துவது அவருக்கே பிழை சொல்வதாம். சொன்னவர் சனிக்கிழமைதோறும் மீசைக்கு மை பூசுகிறார். கேட்டால், "அது சுத்தம், இது மேட்டிமை" என்பார். சபைக்கு வெள்ளையடிக்கலாம், போதகர் பெண்டாட்டி மூஞ்சிக்குக் கூடாது. நல்ல நியாயம்.

பார்லர்க்காரியும் விசுவாசிதான். "பல்லு கட்டறோம், மூக்குக்கண்ணாடி போடறோம். இதுல மட்டும் என்னக்கா பாவம்?" என்றாள். பாவம் ஊசியில் இல்லை, ஒளிப்பதில் இருக்கிறதோ?

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "பாஸ்டரம்மா, முகத்துல என்ன ஒரு பிரகாசம். உபவாசம் இருந்தீங்கல்ல, அதான்." நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். இவருக்குப் பெருமை தாளவில்லை. அடுத்த வாரம் சபை முன்னால் நின்று சாட்சி சொல்லச் சொல்கிறார். மாட்டேன் என்றால் ஏன் என்பார். என்னத்தைச் சொல்ல?

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மங்கு இருந்தது, ஜெபித்தேன், போயிற்று. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். யாராவது சந்தேகப்படுவார்களோ என்ற பயத்தில், "மருந்தில்ல, ஊசியில்ல, உபவாசம் மட்டும்தான்" என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

கீபோர்டு வாசிக்கும் பெண், எல்லோருக்கும் அவள் பாப்பா, கண் கொட்டாமல் என்னையே பார்த்தாள். இருபது வயது. கன்னம் முழுக்கப் பருத் தழும்பு.

மார்ச் 18, புதன்

பாப்பா உபவாசம் இருக்கிறாளாம். "உங்களைப் பாத்துத்தான்மா" என்று அவள் அம்மா பூரித்துப்போனார். பாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் இன்சுலின். போடுகிறாளா என்று கேட்டேன்.

"உங்க சாட்சிக்கு அப்புறம் அதையும் விட்டுட்டா. ஊசியில்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

விடவே கூடாது என்று கெஞ்சினேன். "எங்க விசுவாசத்தைச் சோதிக்கறீங்களா?" என்று சிரிக்கிறார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தியிருந்தால் தேவலை. "நான் போன் பண்றேன், ஊசி போட்டுக்குவா. உன் விஷயம் இப்ப வெளியில வேணாம், சபை உடைஞ்சிடும்" என்றார். பேசினார். பாப்பா சரி என்றாளாம். சரி என்றால் போட்டுக்கொண்டாள் என்று ஆகிவிடுமா? நானே போயிருக்க வேண்டும். போகவில்லை. என்ன பிறவி நான்.

மார்ச் 19, வியாழன்

பாட்டுப் பயிற்சிக்கு வந்தாள். உதடு வெடித்து, மூச்சு இரைத்து, தண்ணீர் பாட்டிலும் கையுமாக. கிட்டே போனால் அழுகிய பழ வாடை.

"முகம் கொஞ்சம் மாறியிருக்கா, பாஸ்டரம்மா?"

பொறுக்க முடியவில்லை. கையைப் பிடித்துச் சொல்லிவிட்டேன் — "அது ஊசிடி. பார்லர்ல போட்டுக்கிட்டேன். சாட்சி பொய்."

சிரித்தாள். "அம்மா சொன்னாங்க, என்னைச் சாப்பிட வைக்க நீங்க என்ன வேணாலும் சொல்வீங்கன்னு." கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டாள். இவரை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவதற்குள் மயங்கி விழுந்திருந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

ஆஸ்பத்திரியில் சேர்த்தும் நினைவு திரும்பவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: இன்சுலினை யார் நிறுத்தச் சொன்னது?

மார்ச் 22, ஞாயிறு

நேற்று பாப்பாவை அடக்கம் செய்தோம்.

இன்று சபை நடுவே எழுந்து நின்று சொன்னேன். ஊசி, பார்லர், பொய், எல்லாம். இவர் தடுக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, "துக்கத்துல தன் மேலயே பழியைப் போட்டுக்கறாங்க, என்ன தாழ்மை" என்று அழுதாள்.

பாப்பாவின் அம்மா எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் போதும் என்றும் நினைத்தேன். கைக்குட்டையை எடுத்து என் கன்னத்தை அழுத்தித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றார். "என் பொண்ணு ஒரு பொய்யை நம்பிச் செத்தான்னு சொல்லாதீங்க."