பூட்டின் வயது

மார்ச் 3, ஞாயிறு

அப்பாவின் பழைய பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. முக்கால் அடி ஆழத்தில் ஒரு பூட்டு. உள்ளங்கை அகலம், துருவும் மண்ணும் அப்பி ஒரே கட்டி. வளையம் பாதிதான் இருக்கிறது, மீதியைத் துரு தின்றிருக்கும். தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த உடல். வயது நூற்றிருபது. ஊர்ப் பழம்பொருள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டாயிற்று.

கூட வந்த குண்டன், "கழுவிட்டாவது சொல்லேன்டா" என்றான். கழுவித்தான் தெரிய வேண்டுமென்றால் நான் எதற்கு உலோகவியல் படித்தேன்?

மார்ச் 4, திங்கள்

துருவைக் கழற்ற, சலவை சோடாத் தண்ணீரில் போட்டு பேட்டரி சார்ஜரால் மின்சாரம் கொடுத்திருக்கிறேன். ஊறுகிறது.

மார்ச் 6, புதன்

துரு கழன்றது. இரண்டு விஷயம் உறுத்துகிறது.

சாவித் துளை மூடியில் அலுமினிய பாப் ரிவெட், நூறு வருஷத்துக்கு முன் கிடையாது. யாரோ பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள். உடல் பழசுதான், என் கணக்கு நிற்கிறது.

வளையம் பித்தளை! பித்தளையை எந்தத் துரு தின்னும்? லென்ஸில் பார்த்தேன். தட்டையான முகம், மெல்லிய இணைகோடுகள். ஹாக்சா பிளேடால் அறுத்த தடம். வெல்டிங்கைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன் இதை ஞாயிற்றுக்கிழமையே பார்த்திருக்க வேண்டும். மடையன்.

மார்ச் 7, வியாழன்

அப்பா மேசையில் பூட்டைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"இத எங்கடா எடுத்த? இந்த ரிவெட்ட நான்தான் அடிச்சேன்."

எனக்கு ஆறு வயதில் பட்டறையில் திருட்டு. இரண்டு டிரில்லிங் மெஷின் போயின. கதவு உடையவில்லை, பூட்டை மட்டும் காணோம். சாவி அப்பாவிடம் ஒன்று, சித்தப்பாவிடம் ஒன்று. சித்தப்பாதான் திறந்தார் என்றார் அப்பா. பத்தொன்பது வருஷமாக அண்ணன் தம்பிக்குப் பேச்சில்லை.

"அறுத்திருக்காங்கப்பா. சாவி வெச்சிருக்கவர் எதுக்கு அறுக்கணும்?"

"நம்மள ஏமாத்த அறுத்திருப்பான்."

"அப்ப கதவுலயே தொங்க விட்டிருப்பாரே. எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?"

"வாய மூடு."

அம்மா சொன்னாள்: "அவன் மூடிக்குவான். பூட்டு சொல்லுதே, அத என்ன பண்ணப் போறீங்க?"

மார்ச் 8, வெள்ளி

மேசையில் பூட்டைக் காணோம்.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் "வண்டிய எடு" என்றார் அப்பா. மடியில் துணிப்பொட்டலம். வலது, இடது என்று வழி சொன்னார். சித்தப்பா வீடு.

வாசலிலேயே பூட்டை நீட்டினார். "அறுத்திருக்காங்கடா..."

சித்தப்பா வளையத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வராமலே இருந்துவிடுவாரோ என்று— வந்தார். கையில் சாவி. இத்தனை வருஷமும் வைத்திருந்திருக்கிறார்! துளையில் நுழைந்தது, திரும்பவில்லை.

"எண்ணெய் விடணும்ண்ணே."

"தெரியுதுல்ல? எடுத்துட்டு வா."

இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சித்தப்பா என்னைப் பார்த்து, "நூத்திருபது வருஷம்னு ஊரெல்லாம் சொன்னியாமே?" என்றார்.

"உடல் பழசுதான், சித்தப்பா."

"போடா. நீ பொறக்கறதுக்கு முந்தின வருஷம், அட்டைப்பெட்டியோட நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

வயது இருபத்தாறு. குழுவில் திருத்திப் போட்டுவிட்டேன். குண்டன் இருபது சிரிப்பு பொம்மை அனுப்பியிருக்கிறான்.

இதைச் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம் மணி இரண்டு. அவர்கள் இன்னும் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.