வலது கை முதலில்

வெல்லர் ஊர், நெப்ராஸ்கா
ஏப்ரல் 6, 2009

மதிப்புக்குரிய கோலீன் ஸ்டாட்லர் அவர்களுக்கு,

எங்கள் கோச் ரோண்டா ப்ரூயர் கோட்டு போடும்போது எப்போதும் வலது கையைத்தான் முதலில் நுழைக்கிறார். இடது கையால் அந்தக் கையைத் தூக்கிவிட்டு நுழைக்கிறார். யாராவது பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

நான் லோர்னா குபிசெக். வயது பதினேழு. இங்கே கல்லூரி சாஃப்ட்பால் அணிக்குத் துணி துவைக்கிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். எழுந்து நின்று பேசச் சொன்னார்கள், அதனால். என் அக்கா டெஸ்ஸா இதே அணியில் பந்து வீசுகிறாள். அணியில் இருக்கும்வரைதான் அவளுக்குக் கல்லூரியின் உதவிப் பணம், படிப்பு.

கோச் மூன்று வருடம் பந்து வீசியதாகவும், பிறகு விருப்பப்பட்டுப் பயிற்சிக்கு வந்ததாகவும் அணிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நீங்கள்தான் அவர் வீசிய பந்தைப் பிடித்த கேட்சர் என்று அதில் உள்ள பழைய படத்தின் கீழே இருக்கிறது. அது உண்மையா? விருப்பப்பட்டுத்தான் நிறுத்தினாரா?

தொந்தரவுக்கு மன்னியுங்கள்.

லோர்னா


விச்சிட்டா, கான்சாஸ்
ஏப்ரல் 11

லோர்னா,

நீ யாரென்று எனக்குத் தெரியாது. என் முகவரி உனக்கு எப்படிக் கிடைத்தது? வேறு கல்லூரிக்காரர்கள் யாராவது எழுதச் சொன்னார்களா? இல்லை, உங்கள் கோச் ரோனியே சொன்னாளா?

புத்தகத்தில் இருப்பது சரிதான். தோள்பட்டை விஷயத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. உன் வேலையைப் பார்.

கோலீன்


ஏப்ரல் 15

மதிப்புக்குரிய கோலீன் அவர்களுக்கு,

என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. துவைக்கும் முன் பைகளைக் காலி செய்வது என் வேலை. கோச்சின் கோட்டுப் பையில் உங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து இருந்தது. உறையின் பின்பக்கம் முகவரி. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன்: உறை பிரிக்கப்படவே இல்லை.

இன்னொன்று. நான் தோள்பட்டை என்று எழுதவில்லை. கோட்டு போடுவதைப் பற்றித்தான் எழுதினேன். உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீங்களும் எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

டெஸ்ஸாவுக்குத் தலை சீவக் கை எழும்பவில்லை. நான்தான் பின்னிவிடுகிறேன். வாரம் தவறாமல் சனிக்கிழமை இரண்டு ஆட்டம், இரண்டிலும் அவளேதான். கோச்சிடம் சொல்லட்டுமா என்று கேட்டால், "நீ போய் சாக்ஸுக்கு ஜோடி தேடு, போ" என்கிறாள். கோச்சோ எல்லாரிடமும் ஒன்றையே சொல்கிறார். "கீழேருந்து வீசுற பந்து. கைக்கு ஒண்ணும் ஆகாது." அதைச் சொல்லும்போது அவருடைய வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கிறது.

அவரை நம்பலாமா? இதை மட்டும் சொல்லுங்கள்.

லோர்னா


ஏப்ரல் 20

அன்புள்ள லோர்னா,

பதினெட்டு வருடமாக அந்த வாழ்த்தை அனுப்புகிறேன். பிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்கிறேன். மே மாதம், எங்கள் மூன்றாம் ஆண்டு. முந்தின நாள் மழை கொட்டியதால் ஒரே நாளில் மூன்று ஆட்டம், மூன்றிலும் ரோனிதான் வீசினாள். கையை மேலே தூக்கி எறிந்தால்தான் கெடும், கீழிருந்து வீசினால் நாள் முழுக்க வீசலாம் என்று எல்லாரும் நம்பினோம். டாக்டர்கூட அப்படித்தான் சொன்னார்.

எங்கள் பழைய கோச்சுக்கு ஒரு வழக்கம். பந்து வீசுகிறவளிடம் கேட்கமாட்டார். அவள் எப்படியும் நன்றாக இருக்கிறேன் என்பாள். கேட்சரிடம்தான் கேட்பார். பந்து வேகமாக வந்தால் கையுறைக்குள் உள்ளங்கை எரியும். இரண்டாவது ஆட்டத்தின் பாதியிலேயே எனக்கு எரிச்சல் நின்றுவிட்டது. அவர் வந்து, "எப்படி வருது?" என்றார். நான் ஜெயிக்க ஆசைப்பட்டேன். "நல்லா வருது கோச்" என்றேன்.

மூன்றாவது ஆட்டத்தில் அவள் கை தொங்கிவிட்டது. வீட்டுப் படியில் விழுந்ததாக அவளே ஊரெல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "உன் கைக்குத் தெரியலையா, கோலீன்?" அப்புறம் பேசவில்லை.

ரோனி கெட்டவள் இல்லை. கீழேயிருந்து வீசினால் கை கெடும் என்று ஒப்புக்கொண்டால், நான் செய்ததையும் அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிடத் தன் உடம்புதான் சோப்ளாங்கி என்று நினைப்பது அவளுக்குச் சுலபம். ஆனால் உன் அக்கா விஷயத்தில் அவளை நம்பாதே. அணியின் கேட்சரிடம் கேள். பிறகு இந்தக் கடிதத்தை ரோனியிடம் கொடு. கோபம் என் மேல்தான் வரும்.

கோலீன்


ஏப்ரல் 26

அன்புள்ள கோலீன் அவர்களுக்கு,

டெஸ்ஸா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இரண்டாவது ஆட்டம் முழுக்க அவளை உட்கார வைத்துவிட்டார்கள். நாளைக்கு டாக்டரிடம் போகிறாள். கோச்தான் கூட்டிப் போகிறார். அணியில் அவள் இடம் என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. காலையில் பின்னிவிடப் போனேன். சீப்பைக் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் ஆட்டம் முடிந்ததும் கேட்சர் பெய்ஜுக்குத் துண்டு கொடுக்கப் போனேன். உள்ளங்கை எரிகிறதா என்று கேட்டேன். அவள் என்னைவிட மெதுவாகப் பேசினாள். "ரெண்டு வாரமா இல்ல. என்னை யாரு கேட்டா?"

குளிர்காற்று அடித்தது. கோச் கோட்டை எடுக்கத் துவைக்கும் அறைக்கு வந்தார். அவர் கையில் அடுத்த ஆட்டத்தின் பெயர்ப் பட்டியல், பந்து வீசுவதற்கு டெஸ்ஸா பெயர். கொக்கியிலிருந்து கோட்டை நானே எடுத்து, விரித்து, வலது கைப்பக்கத்தை முன்னால் நீட்டினேன். அவர் நுழைக்கவில்லை.

"யாரு சொன்னா உனக்கு?"

உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். பிரிக்காமலே பைக்குள் வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். பட்டியலை என்னிடம் தந்துவிட்டு, துவைக்கும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து பிரித்தார். முதல் பக்கத்தை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அப்போது நடுவர் கதவைத் தட்டி, பட்டியல் எங்கே என்று கேட்டார்.

நான் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இன்னும் எழுதி முடிக்கல, இருங்க" என்றேன்.

லோர்னா