வண்டி துடைத்த துணியில் என் விலாசம்

ஷாஜஹான்பூர்,
11.8.2024

மேன்மை பொருந்திய திரு. பாஸ்கரன் அவர்களுக்கு,

லோகநாயகி எழுதுவது. உங்கள் மகள் அருள்மொழி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டாள். உயிரோடு, காய்ச்சலோடு. போனில் சொல்லலாமென்றால் ஆறு வருடமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள்.

ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில் எனக்குப் பதவி உயர்வும் இந்த ஊருக்கு மாற்றலும் வந்தபோது, பரீட்சை முடிந்ததும் பிள்ளையை அனுப்புகிறேன் என்றீர்கள். அந்தப் பரீட்சை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. அவளிடமோ, உன் அம்மா இந்திக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். பிறந்தநாள்தோறும் நான் தைத்து அனுப்பிய பாவாடைகள் உங்கள் அக்கா தைத்தவையாம்! பொய் சொல்லவும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும். பார்சல் சுற்றி வந்த துணியை எரிக்கச் சோம்பல்பட்டு வண்டி துடைக்க வைத்துக்கொண்டீர்கள். கிரீஸ் கறைக்கு நடுவில் என் கையெழுத்தில் என் விலாசம். படித்துவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிச் சீருடையில் வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் போயிருக்கிறாள். காதுத் தோட்டை விற்று லக்னோவுக்கு டிக்கெட். முன்பதிவில்லாத பெட்டியில் கழிவறைக் கதவோரம் இரண்டு இரவு. நாக்பூர் தாண்டி எவனோ வந்து உரசி உட்கார்ந்தானாம். கட்டட வேலை முடித்து ஊர் திரும்பிய ஒரு பெண், தன் பிள்ளையைப்போல இவளை இழுத்து அணைத்துக்கொண்டு அவனைக் கத்தி விரட்டியிருக்கிறாள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. புதன் இரவு லக்னோவில் இந்த ஊருக்குச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டதும் அவள்தான்.

அப்போது நீங்கள், அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று புரண்டு படுத்தீர்கள். புதன்கிழமைதான் போலீசுக்குப் போய், எவனோடோ ஓடிவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அவள் தோழி விஜி போனில் எல்லாம் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாற்பது பேரை மேய்க்கும் சூப்பர்வைசருக்கு, வீட்டிலிருந்த ஒரே பிள்ளையைக் காணோம் என்று தெரிய இரண்டு நாள்!

வியாழக்கிழமை குவார்ட்டர்ஸ் காவலாளி கூப்பிட்டு கேட்டுக்கு ஓடினேன். ஒன்பது வயதில் விட்டு வந்தவள் என்னைவிட உயரமாக நின்றாள். “நீதான் லோகநாயகியா? துணி மட்டும் அனுப்பிச்சியே, நீ இன்னாத்துக்கு வரல?” என்றாள்.

இரண்டு முறை வந்தேன் என்றேன். இரண்டு முறையும் நீங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அவளை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனதையும், நான் படியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். “துணி மேட்டரு, அத்த தச்சதுன்னு கோவத்துல சொல்லிருப்பாரு. ஊட்டப் பூட்டிகினு போறதெல்லாம் எங்க நைனா செய்ய மாட்டாரு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் முறை நான் வரவில்லை. அதற்காக உங்களோடு சேர்த்து என்னையும் வெறுக்கிறேன்.

உங்கள் மேல் எனக்குத் துளியும் மதிப்பில்லை. ஆனாலும் கேட்கிறேன். என் பக்கத்து வீட்டு நம்பரை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு முறை கூப்பிட்டு, உன் அம்மா வந்தது நிஜம் என்று அவளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் நம்புவாள். அவள் இன்னும் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
லோகநாயகி