பிரிட்ஜுக்குள் இருந்த உடன்படிக்கை

பிரிட்ஜ் இப்போது வெறுமையாக இருக்கிறது. ஆனாலும் கதவைத் திறந்தால், பூச்சி வராமல் நீ போட்டுவைத்த கராம்பு இன்னும் மணக்கிறது.

"உப்புக் காத்துக்குக் கொப்பியெல்லாம் நமுத்துப்போகுது" என்று நீ குறிப்பெழுதிய கொப்பிகளைக் காட்டிப் புலம்பியபோது, ஐஸ் பக்டரியில் மெசின் பார்க்கிற எனக்குத் தோன்றிய ஒரே வழி இதுதான். கொம்பிரசர் செத்த பிரிட்ஜ், ஆனால் கதவு ரப்பர் நல்ல இறுக்கம். தலைமன்னாரில் பிரிட்ஜுக்குள் புத்தகம் அடுக்கிய ஒரே ஆள் நீதான். மரக்கறித் தட்டில் சட்டம், நடுத்தட்டில் இரண்டு உலக யுத்தங்கள், முட்டைக் குழிகளில் பேனைகள். பனிப்போரை மட்டும் மேலே ஐஸ் பெட்டிக்குள் வைத்தாய். அதற்கு நீயே சிரித்துக்கொண்டாய்.

வெளிநாட்டுச் சேவைப் பரீட்சைக்கு நீயும் உன் தோழி ரிஸ்வானாவும் பாடங்களைப் பங்குபோட்டுக் குறிப்பெடுத்தீர்கள். அவளுக்கு நிதி, உனக்கு வரலாறும் சட்டமும். கேள்வி கேட்கும் வேலை எனக்கு. சாப்பாட்டு மேசையில் நான் கொம்பிரசரைக் கழற்றிவைத்து, அதில் சண்டை வந்து புருசனும் பெண்சாதியும் இரண்டு நாள் பேசாமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? மூன்றாம் நாள் நீ ஒரு தாளோடு வந்தாய்.

"சமாதான உடன்படிக்கை. வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ."

"இது என்னப்பா, முதலாம் பிரிவு? 'வென்றவர், நான் அப்பவே சொன்னன் என்று சொல்லக்கூடாது'?"

"முதலாம் உலக யுத்தம் முடிய வேர்சேல்ஸ் உடன்படிக்கையில அதுதானே பிழைச்சது. தோத்தவனைக் குனிய வைச்சா அவன் அடுத்த சண்டைக்குத்தான் நிமிருவான்."

நான் "ம்ம்" என்றேன். "'ம்ம்' சட்டப்படி ஏற்பு இல்ல" என்று பேனையை நீட்டினாய். ரிஸ்வானா சாட்சிக் கையெழுத்து வைத்தாள். தாளைப் பிரிட்ஜ் கதவின் உட்பக்கம் ஒட்டினாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கே நாள், நீ இல்லை. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போனேன், மெசின் பூட்டினேன், சாப்பிட்டேன். பிரிட்ஜை மட்டும் திறக்கவில்லை.

இன்று ஞாயிறு காலை ரிஸ்வானா வந்தாள். பரீட்சைக்கு இன்னும் ஆறு கிழமைதான். உன் பாதி இல்லாமல் அவளால் எழுத முடியாது.

"கொப்பியளைத் தர ஏலாது, ரிஸ்வானா" என்றேன். அந்தப் பிரிட்ஜைத் தவிர உன் எழுத்து வீட்டில் வேறு எங்கும் இல்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "சரி அண்ணா. கொப்பிக் கதை பிறகு. உங்கட உடன்படிக்கையில கடைசிப் பிரிவு என்ன சொல்லுது?"

எனக்கு அது மனப்பாடம். "விலகுறதெண்டால் மூண்டு மாதத்துக்கு முதல் அறிவிக்கோணும்."

"அவள் அறிவிச்சவளோ?"

"இல்ல."

"நீங்கள்?"

"இல்ல."

"அப்ப உடன்படிக்கை இன்னும் செல்லும். மூண்டாம் பிரிவின்படி ஞாயிறு காலமை கேள்வி கேக்கிறது உங்கட கடமை. நான் சாட்சி. எழும்புங்கோ!"

இப்படி வழக்காடுகிற ஒருத்தியை நீ தோழியாக வைத்திருந்தால் நான் என்ன செய்ய? எழுந்து கதவைத் திறந்தேன். கராம்பு மணத்தது.

முதலில் வந்த கொப்பியை எடுத்துக் கேட்கத் தொடங்கினேன். பத்தாவது கேள்வி, போர்நிறுத்தத்துக்கும் சமாதான உடன்படிக்கைக்கும் என்ன வேறுபாடு. ரிஸ்வானா முகட்டைப் பார்த்தாள். நான் கொப்பியைப் பார்க்கவேயில்லை. "போர்நிறுத்தத்தில சுடுறதை நிப்பாட்டுறது மட்டுந்தான், சண்டை முடியேல்ல. அது முடியிறது உடன்படிக்கையிலதான்" என்று வாயில் வந்துவிட்டது. கையை ஆட்டிய விதமும் உன்னுடையதுதான். ரிஸ்வானா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது.

"ஒரு நாளைக்கு நீங்களே எல்லாத்துக்கும் பதில் சொல்லுவீங்கள், பாருங்கோ" என்பாய். நான் நம்பியதில்லை.

கொப்பி, புத்தகம், பேனை எல்லாவற்றையும் ஐஸ் பக்டரிப் பெட்டியில் அடுக்கி அவளுடைய ஸ்கூட்டியில் நானே கட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறும் வருவாள். கதவில் ஒட்டிய தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது.

நீ இருந்திருந்தால் இன்றைக்கு முதலாம் பிரிவை மீறி, 'நான் அப்பவே சொன்னன்' என்றிருப்பாய். சொல்லு. இந்த ஒருமுறை நான் ஆட்சேபிக்கவில்லை.