சுத்தமான தண்ணீரில் ஊதா இழை

பெர்கன், நார்வே

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெசிந்தா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி குறைந்ததா? ஏற்காட்டில் பனி இறங்கிவிட்டதா?

இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். கடல்நீரை வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களைத் தேடுவதுதானே என் வேலை? போன வாரம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சுத்தமான தண்ணீரிலும் ஊதா இழைகள் கிடைத்தன. குழாய், சல்லடை எல்லாம் கழுவியும் போகவில்லை. கடைசியில் எங்கள் ஆய்வக மேடம், என் கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஸ்வெட்டர் கையைப் பிடித்துச் சிரித்துவிட்டார். “கழட்டாம போட்டுக்க கண்ணு, அங்க நொம்பக் குளுரும்” என்று நீங்கள் பின்னிக் கொடுத்ததேதான்! கம்பளி என்று கடையில் கொடுத்தது பிளாஸ்டிக் நூல், அம்மா.

அது கடலில் விழுந்தால் லேசில் மக்காது. வெயிலும் அலையும் பட்டுப் பொடிப்பொடியாகும். ஆனாலும் இல்லாமல் போகாது.

இனி அதை அறையில் மட்டும்தான் போடலாம். மேடம் தூக்கிப்போடச் சொன்ன இழைகளில் ஒன்றை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். லென்ஸில் பார்த்தால், உங்கள் ஊசி மடக்கிய வளைவு இன்னும் நிமிரவில்லை.

ஆய்வகத்தில் போட்டுக்கொள்ள ஒரு பருத்திச் சால்வை அனுப்புங்கள். புதிது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போர்த்திக்கொண்டு போவீர்களே, அது போதும். பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன். சால்வையைத் துவைத்து அனுப்ப வேண்டாம். மெதுவாக நானே இங்கே துவைத்துக்கொள்கிறேன்.

உங்கள்
ஜெசிந்தா